எப்பாலவரும் இயையவே: குறளில் தன்னைக் காணும் சமயங்களும் சான்று தேடும் மனமும்

"மலர்மிசை ஏகினான் மாணடி சேர்ந்தார் நிலமிசை நீடுவாழ் வார்" என்ற மூன்றாம் குறளில் மலர்மேல் சென்றவன் யார் என்பதைப் பற்றித் தமிழ்ப் புலவர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். தேவர்கள் பொழிந்த தாமரைகளின் மேல் நடந்த அருகதேவனே அவன் என்பது சமணர் கொள்கை. பழைய உரைகாரரான மணக்குடவர் "மலரின்மேல் நடந்தான்" என்று சொல்லுக்குச் சொல் பொருள் கூறிவிட்டு மேலே போய்விடுகிறார். பரிமேலழகரோ, அந்த மலரை அடியவரின் உள்ளத் தாமரையாக்கி, அன்பால் நினைப்பவரின் நெஞ்சுக்குள் அவர் நினைத்த வடிவத்தோடு விரைந்து சென்று சேர்பவன் இறைவன் என்று விரித்துரைக்கிறார்.

இங்கே அவருக்கு ஓர் இடையூறு வருகிறது. நினைக்கும்போதெல்லாம் சென்று சேர்பவன் என்றால் "ஏகுவான்" என்றல்லவா இருக்க வேண்டும், "ஏகினான்" என்று இறந்தகாலம் எப்படி வரும் என்ற கேள்வி எழும். அதற்கு அவர் தொல்காப்பிய விதி ஒன்றைத் துணைக்கு அழைக்கிறார்: விரைவு தோன்றச் சொல்லும்போது எதிர்கால நிகழ்ச்சியை இறந்தகாலத்தால் சொல்லலாம். அவ்வாறே, "நிலமிசை" என்று குறளில் இருப்பதை எல்லா உலகிற்கும் மேலான வீட்டுலகு என்று கொள்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகு, பூமேல் நடந்தான் என்னும் பெயர் பற்றி இதனைப் "பிறிதோர் கடவுட்கு ஏற்றுவாரும் உளர்" என்று ஒரே வரியில் சமணர் கருத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

இந்த ஒரு குறளின் உரையைக் கொண்டே, சமயங்களும் அறிவுப் பள்ளிகளும் தமக்கு முன்பே உள்ள நம்பிக்கைக்கு ஏற்ப நூல்களைப் படிக்கும் முறையைப் பெருமளவு விளக்கிவிடலாம். பரிமேலழகர் பொய் சொல்லவில்லை. அவர் காட்டிய இலக்கண விதி உண்மையிலேயே உள்ள விதி. இறைவனை உள்ளத் தாமரையில் இருத்தி வழிபடுவதும் பழைய மரபுதான். அவருடைய கல்வியைக் குறை சொல்ல நம்மில் எவருக்கும் தகுதியில்லை. ஆயினும் எந்த இடத்தில் அந்தக் கல்வி முழு வேகத்தோடு உழைக்கிறது, எந்த இடத்தில் "உளர்" என்ற ஒரே சொல்லோடு ஓய்ந்துவிடுகிறது என்று பார்த்தால், முடிவு முன்னே வந்து காரணங்கள் பின்னே வந்திருப்பது தெரியும். உளவியலார் இதை உறுதிப்படுத்தல் சார்பு என்கிறார்கள். ஏற்கெனவே நம்புவதற்கு அரண் செய்யும் சான்றுகளைத் தேடுவதும், கிடைத்ததை அதற்கேற்பப் பொருள் கொள்வதும், ஒவ்வாததைக் கவனிக்காமல் விடுவதும் இதில் அடங்கும்.

இந்தச் சார்பைச் சோதனைக் கூடத்தில் முதலில் தெளிவாகக் காட்டியவர் இங்கிலாந்து உளவியலாளர் பீட்டர் வேசன். 1960-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களிடம் 2, 4, 6 என்ற மூன்று எண்கள் கொடுக்கப்பட்டன. இவை ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லிப் பாருங்கள், அவை விதிக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று நான் சொல்கிறேன், உறுதியானதும் விதியைச் சொல்லுங்கள் என்பதுதான் ஏற்பாடு. பெரும்பாலோர் இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று மனத்தில் வைத்துக்கொண்டு, 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் பொருந்தும் என்றே பதில் வந்தது. பிறகு துணிவோடு விதியைச் சொன்னபோது அது தவறாக இருந்தது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 7, 40 என்று கேட்டிருந்தாலும் ஆம் என்ற பதில்தான் வந்திருக்கும். கேட்டவர்களின் கருத்தும் அப்போதே உடைந்திருக்கும். பங்கேற்ற 29 பேரில் தவறாக எதையும் அறிவிக்காமல் முதல் அறிவிப்பிலேயே சரியான விதியைச் சொன்னவர்கள் 6 பேர்தான்.

இச்சோதனையில் எவருக்கும் எந்த விதியின் மீதும் பற்றில்லை, பரம்பரைப் பெருமையும் இல்லை, தோற்றால் இழப்பதற்கும் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் இவ்வாறு நடந்தது என்பதே இதில் முக்கியமானது. சமயச் சார்பைப் பற்றிப் பேசும்போது ஆசையையும் வெறியையும் தன்னலத்தையும் உடனே காரணமாகச் சொல்லிவிடுகிறோம். அவையெல்லாம் இல்லாத இடத்திலும் கேள்வி கேட்கும் முறையிலேயே வழுக்கல் இருக்கிறது. என் கருத்து சரியானால் என்ன தெரியும் என்று கேட்கிறோம். என் கருத்து தவறானால் என்ன தெரியும் என்று கேட்பதற்கு மனம் தானாக எழுவதில்லை.

குறளுக்கு வருவோம். சமணர் ஒருவர் கடவுள் வாழ்த்து அதிகாரத்தைப் படிக்கிறார். "ஆதிபகவன்" என்பது முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதருக்குப் பொருந்தும். "மலர்மிசை ஏகினான்" பொருந்தும். "பொறிவாயில் ஐந்தவித்தான்" ஐம்புலன்களை வென்ற சினனுக்கு (ஜினனுக்கு) பொருந்தும். "அறவாழி அந்தணன்" என்பதில் ஆழியைச் சக்கரம் என்று கொண்டால் தரும சக்கரத்தை உடையவன் என்றாகும். "எண்குணத்தான்" என்பது கடையிலா அறிவு முதலான எட்டுக் குணங்களை உடைய சித்தனைக் குறிக்கும். ஐந்து கேள்விகளுக்கும் ஆம் என்ற விடையே கிடைக்கிறது. நீலகேசி என்ற சமணக் காப்பியத்துக்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர் குறளை "எம் ஓத்து", அதாவது எங்கள் மறை, என்று உரிமையோடு குறிப்பிட்டதற்கு இந்த உறுதியே காரணம்.

ஆனால் அடுத்த திண்ணையில் இருப்பவருக்கும் ஆம் என்ற விடைகளே கிடைக்கின்றன. "அடியளந்தான் தாஅயது" என்ற 610-ஆம் குறளும் "தாமரைக் கண்ணான் உலகு" என்ற 1103-ஆம் குறளும் வைணவரைத் திருமாலிடம் கொண்டு சேர்க்கின்றன. செய்யவளாகிய திருமகளும் தவ்வையாகிய மூதேவியும் அவருக்குத் துணை நிற்கிறார்கள். சைவருக்கோ எண்குணம் போதும். தன்வயத்தன் ஆதல், தூய உடம்பினன் ஆதல் என்று தொடங்கும் எட்டையும் வரிசைப்படுத்தி, இவை சைவாகமத்தில் சொல்லப்பட்டவை என்று எழுதியவர் வைணவராகக் கருதப்படும் பரிமேலழகரே. சார்பு என்பது இயந்திரம் போல எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று. வைணவர் என்ற அடையாளத்தைவிட வைதிக நெறி என்ற அகன்ற அடையாளம் அவரிடம் வலுவாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அறம் என்பது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழித்தலும் ஆகும் என்று நூலின் தொடக்கத்திலேயே அவர் வரையறுத்துவிடுகிறார். அந்தக் கண்ணாடியை அணிந்த பிறகு 1330 குறளும் அதற்குள்தான் தெரியும்.

19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கூட்டத்தோடு புதியவர்கள் சேர்ந்தார்கள். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட ஜி.யு. போப், மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவ ஆசான்களோடு உலாவியபடி அவர்களின் கருத்துகளை உள்வாங்கிக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்தார். வள்ளுவரின் மூலங்களில் விவிலியமும் ஒன்று என்று சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. வள்ளுவரையும் தோமையாரையும் மயிலையோடு சேர்த்துச் சொல்லும் மரபுகள் இருந்தது அவருக்கு வசதியாயிற்று. பின்னர், கடவுள் வாழ்த்து, வான்சிறப்பு, நீத்தார் பெருமை என்ற முதல் மூன்று அதிகாரங்களையும் தந்தை, தூய ஆவி, மகன் என்ற கிறித்தவ மும்மையாகவே கண்டவர்களும் உண்டு.

அயோத்திதாசர் (1845–1914) வேறொரு திசையிலிருந்து வந்தார். 1907-இல் அவர் தொடங்கிய இதழில் இந்நூலைப் பௌத்த மறையான திரிபிடகத்தோடு இணைத்துத் "திரிக்குறள்" என்று எழுதினார். அவருடைய வாசிப்பில் வள்ளுவர் பௌத்தர். தீண்டாமைக்கு உள்ளானோர் பூர்வ பௌத்தர்கள் என்ற அவருடைய வரலாற்றுப் பார்வையில் இது பெரிய அங்கம். குறள் ஏட்டை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் துரையிடம் சேர்க்கும்படி கொடுத்தவர் தம் பாட்டனாரான கந்தப்பன் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். உறுதிப்படுத்தல் சார்பு என்றதும் ஆதிக்கத்தில் இருப்பவர்களின் கண்மூடித்தனம் என்று எண்ணிவிடக் கூடாது. பறிக்கப்பட்ட பெருமையை மீட்க வந்தவரிடமும் அதே மன அமைப்புதான் வேலை செய்கிறது. நோக்கம் எவ்வளவு நேர்மையானது என்பது சான்றின் வலிமையைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

இத்தனை பேருக்கும் ஒரே நூல் ஆம் என்று விடை சொல்வதைப் பழையவர்கள் கவனிக்காமல் இல்லை. கல்லாடர் பாடியதாகத் திருவள்ளுவமாலையில் உள்ள வெண்பா, ஆறு சமயத்தார் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள், ஒன்று என்றால் வேறு என்பார்கள், வேறு என்றால் அன்று என்பார்கள். அப்படிப்பட்டவர்களும் நன்று என்று "எப்பா லவரும் இயையவே" வள்ளுவர் முப்பால் மொழிந்தார் என்கிறது. பாடியவர் இதை நூலின் பெருமையாகச் சொன்னார். சான்றியல் நோக்கில் பார்த்தால் இதே செய்தி ஓர் எச்சரிக்கை. எல்லாருக்கும் பொருந்தும் சான்று எவருக்கும் தனிச் சான்றாகாது. தாமரையும், எண்ணிட்ட குணங்களும், புலனடக்கமும், பிறவிக்கடலும் இந்தியச் சமயங்கள் அனைத்துக்கும் பொதுவான முதலீடு. வேசனின் சோதனையில் ஏறுவரிசை என்ற அகன்ற விதிக்குள் இரட்டை எண்கள் அடங்கியதுபோல, இந்தப் பொதுச் சொத்துக்குள் சமணமும் சைவமும் வைணவமும் பௌத்தமும் அடங்குகின்றன. 8, 10, 12 என்று கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு இந்த அகலம் தெரிய வழியே இல்லை.

இந்தக் குறையைச் சுட்ட நாம் மேனாட்டு உளவியலுக்கு ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கத்தைக் கற்பிக்கிறார். ஒரு காரணம் செல்ல வேண்டுமானால், அது பேசப்படும் பொருளில் இருக்க வேண்டும். ஒத்த பொருள்களாகிய சபக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வாத பொருள்களாகிய விபக்கத்தில் இல்லாதிருக்க வேண்டும். மலையில் புகை தெரிகிறது, ஆகவே நெருப்பு உண்டு என்பதற்கு அடுக்களை சபக்கம். அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது. நெருப்பே இருக்க முடியாத இடத்தில் புகையும் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். காரணம் இரு பக்கமும் இருந்துவிட்டால் அது சாதாரணம் என்னும் குற்றத்துக்கு உள்ளாகும். மலர்மிசை ஏகினான் என்பதை வைத்து வள்ளுவர் சமணர் என்பதும், அடியளந்தான் என்பதை வைத்து வைணவர் என்பதும் இந்தக் குற்றத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள். அடியளந்தான் கதையைத் திருமால் அடியார் அல்லாத ஒரு புலவர் உவமைக்காகச் சொல்லியிருக்க முடியாதா என்பதே விபக்கக் கேள்வி. முடியும் என்றால் சான்று கரைந்துவிடுகிறது.

தருக்க நூல் விதியை வகுத்துவிட்டது என்பதால் பள்ளிகள் அதைத் தங்கள் மேலேயே செலுத்திக்கொண்டன என்று பொருளில்லை. மணிமேகலையிலேயே, வஞ்சி நகரில் சமயக் கணக்கர் எனப்படும் பிற சமய வாதிகள் தம் தம் கொள்கையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அறவண அடிகளின் கொள்கைக்குக் கிடைக்கும் விரிவும் பரிவும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கத்தி எதிராளிக்காகவே தீட்டப்பட்டது.

ஒவ்வாத குறள்கள் எதிரே வரும்போது பள்ளிகள் என்ன செய்கின்றன என்பது இன்னும் சுவையானது. "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்" என்ற 1062-ஆம் குறளை எடுத்துக்கொள்வோம். படைப்புக் கடவுளை ஏற்பவர், உலகியற்றியான் என்று ஒருவனை வள்ளுவர் ஒப்புக்கொண்டார் பாருங்கள் என்பார். படைப்புக் கடவுளை ஏற்காத சமணரோ, அப்படி ஒருவன் இருந்தால் கெட்டொழியட்டும் என்று சபிக்கிறவர் எப்படி அவனை நம்பியிருப்பார் என்பார். 25-ஆம் குறளில் ஐந்தவித்தான் ஆற்றலுக்கு "இந்திரனே சாலுங் கரி" என்று வருகிறது. புலனை அடக்காமல் சாபம் பெற்றதால் இந்திரன் எதிர்மறைச் சான்றானான் என்று அகலிகை கதையை நினைவூட்டுகிறார் பரிமேலழகர். துறவியரின் தவத்தை அறிந்து இந்திரன் வந்து போற்றும் கதைகளில் ஊறிய சமண, பௌத்த மனத்துக்கு அதே இந்திரன் நேர்மறைச் சான்றாகிறான். "அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று" என்பது வேள்வி மறுப்பு என்று ஒரு சாரார் கொள்ள, வேள்வியால் வரும் பயனைவிட இவ்விரதத்தால் வரும் பயன் பெரிது என்ற ஒப்பீடுதான் இது, ஆகவே வேள்விக்கும் பயன் உண்டு என்று மற்றொரு சாரார் கொள்கிறார்கள். இரண்டும் சொற்களுக்குள் நிற்கும் உரைகளே. எதிர்ச்சான்று என்று கொண்டுவரப்பட்டது ஒரு வேற்றுமை உருபின் உதவியால் ஆதரவுச் சான்றாக மாறிவிடுகிறது.

உரையால் முடியாதபோது நூலையே திருத்துவதும் உண்டு. வ.உ. சிதம்பரனார் முதல் மூன்று அதிகாரங்களும் வள்ளுவர் எழுதியவை அல்ல, இடைச்செருகல் என்ற முடிவுக்கு வந்தார். பழைய உரைகள் அனைத்திலும் அவை இருக்கின்றன என்ற செய்தி அந்த முடிவுக்குத் தடையாகவில்லை. வீரமாமுனிவர் இலத்தீனில் மொழிபெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் எடுத்துக்கொண்டு காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவி ஒருவருக்கு அது இயல்பான தயக்கம்தான். ஆனால் அந்த மொழிபெயர்ப்பை மட்டும் படித்த ஐரோப்பியருக்கு வள்ளுவர் முழு அறவுரையாளராகத்தானே தெரிந்திருப்பார்.

கடவுளை விட்டு வெளியே வந்த பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. "தெய்வந் தொழாஅள் கொழுநற் றொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் மழை" என்ற 55-ஆம் குறள் பகுத்தறிவு வழியில் குறளைப் போற்றுவோருக்கு இரட்டைத் தலைவலி: பெண்ணடிமையும் இருக்கிறது, மந்திர ஆற்றலும் இருக்கிறது. கலைஞர் மு. கருணாநிதி தம் உரையில், பெய் என ஆணையிட்டவுடன் அஞ்சிப் பெய்யும் மழையைப் போலத் தன்னை அடிமையாக எண்ணிக்கொள்பவள் என்று அந்தப் பெண்ணின் மீதான விமரிசனமாகவே இதைத் திருப்பினார். நயமான திருப்பம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நமக்குத் தெரிந்த மிகப் பழைய வாசகர் இதை எப்படிப் படித்தார் என்பதற்குச் சான்று இருக்கிறது. மணிமேகலையின் 22-ஆம் காதையில் சதுக்கப் பூதம் மருதி என்ற பெண்ணிடம் இந்தக் குறளைச் சொல்லி, பொய்யில் புலவனின் பொருளுரையை நீ தெளியவில்லை, ஆகவே "மடவரல் ஏவ மழையும் பெய்யாது" என்கிறது. மழை பெண்ணின் ஏவலைக் கேட்கும் என்பதுதான் அங்கே பொருள். இந்த இடத்தில் பெரியாரின் வழி வேறாக இருந்தது. 1949-இல் திருக்குறள் மாநாடு நடத்தும் அளவுக்குக் குறளை உயர்த்திப் பிடித்தவர்தான் அவர், ஆனால் "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் கற்பு பற்றிய குறள்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு நல்ல பொருள் தேடாமல் நேரடியாகவே மறுத்தார். போற்றும் நூலில் தனக்கு ஒவ்வாதது இருக்கிறது என்று சொல்வது ஒரு பள்ளிக்குள் எவ்வளவு அரிது என்பதை, அவருக்குப் பின் வந்த உரைகளைப் பார்த்தால் புரியும்.

சான்றுகளை ஏன் இப்படி ஒருதலையாகச் சலிக்கிறோம் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் நடத்தி 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர் 24 பேருக்கும் எதிர்க்கும் மாணவர் 24 பேருக்கும் இரண்டு ஆய்வறிக்கைகள் கொடுக்கப்பட்டன. ஒன்று தண்டனை குற்றங்களைக் குறைக்கிறது என்றது. மற்றது குறைக்கவில்லை என்றது. இரண்டும் ஆய்வாளர்களே புனைந்தவை. இரு தரப்பும் தங்களுக்கு ஒத்த அறிக்கையை முறையான ஆய்வு என்றும், ஒவ்வாத அறிக்கையைக் குறைபாடுடையது என்றும் மதிப்பிட்டன. இரு பக்கச் சான்றுகளையும் படித்து முடித்தபோது, இரு தரப்பும் தத்தம் கருத்தில் முன்னைவிட உறுதியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒத்த சான்றைப் பார்க்கும்போது இதை நம்பலாமா என்றும், ஒவ்வாத சான்றைப் பார்க்கும்போது இதை நம்பியே ஆக வேண்டுமா என்றும் மனம் கேட்டுக்கொள்கிறது. முதல் கேள்விக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்; இரண்டாவதிலிருந்து தப்பிக்கவும் ஒரு காரணம் போதும். உள்ளக் கமலத்துக்குத் தொல்காப்பிய விதி ஒன்று கிடைத்தது. அறவாழியைத் தருமசக்கரமாகக் கொள்ளும் உரையைக் கடந்துபோகப் பரிமேலழகருக்கு "உரைப்பாரும் உளர்" போதுமானதாக இருந்தது.

தனி மனிதரிடம் இருக்கும் இந்தச் சாய்வு ஒரு பள்ளியில் சேரும்போது பல மடங்காகிறது. ஆசிரியர் தம் முடிவுகளோடு, எந்தக் கேள்வி கேட்கத் தகுந்தது என்ற உணர்வையும் மாணவரிடம் விட்டுச்செல்கிறார். ஏடு படியெடுக்கும் காலத்தில் இது இன்னும் கடுமையானது. எந்த உரையை மீண்டும் எழுதி வைப்பது என்று ஒவ்வொரு தலைமுறையும் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. குறளுக்குப் பதின்மர் உரை எழுதியதாக ஒரு பழம் பாடல் சொல்கிறது. அவற்றில் இன்று கிடைப்பவை மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காளிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள்தான். 1812-இல் குறள் மூலம் முதலில் அச்சேறியது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆறுமுக நாவலர் போன்றவர்களின் பதிப்புகள் வழியாகப் பரிமேலழகர் உரை பரவிவிட்டது; மணக்குடவரின் அறத்துப்பால் உரையை வ.உ.சி. பதிப்பித்தது 1917-இல். இடைப்பட்ட காலத்தில் குறள் படித்த மாணவர் ஒருவர், மலர்மிசை ஏகினானுக்கு வேறு உரை உண்டு என்பதைப் பரிமேலழகரின் அந்த ஒரு வரியிலிருந்துதான் அறிந்திருக்க முடியும். அவருக்குச் சார்பு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அவருக்கு முன்னால் வைக்கப்பட்ட நூலகமே சலித்தெடுக்கப்பட்டது.

இதைச் சொல்லும்போதே பரிமேலழகருக்கு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். எண்குணத்துக்குச் சைவாகம வரிசையைச் சொன்ன பிறகு, அணிமா முதலியவை என்றும் கடையிலா அறிவு முதலியவை என்றும் உரைப்பாரும் உளர் என்று எழுதியதால்தான் சமணர் உரை அவர் காலத்தில் வழங்கியது நமக்கு உறுதியாகத் தெரிகிறது. எதிராளியின் கருத்தை முதலில் வைத்துப் பிறகு மறுக்கும் பூர்வபட்ச முறை பழைய தருக்க மரபின் பெரிய கொடை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பெரும் பகுதியையே பிற சமயக் கொள்கைகளுக்கு ஒதுக்கினார். மறுப்பதற்காகத்தான் ஒதுக்கினார் என்றாலும், மறுக்க வேண்டுமானால் கற்றாக வேண்டும்.

ஹ்யூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது. பகுத்தறிவு என்பது தனியாக அமர்ந்து உண்மை காண்பதற்காக வளர்ந்ததன்று, பிறரோடு வாதிடுவதற்காக வளர்ந்தது என்கிறார்கள் அவர்கள். தன் வாதத்தைச் சோதிப்பதில் மனிதர் சோம்பேறிகள். பிறர் வாதத்தில் ஓட்டை காண்பதில் மிகக் கூர்மையானவர்கள். அப்படியானால் சமணரின் குறையைச் சைவர் காண்பதும், சைவரின் குறையைப் பௌத்தர் காண்பதும், எல்லாருடைய குறையையும் பகுத்தறிவாளர் காண்பதும் சேர்ந்துதான் ஒரு முழுச் சோதனை ஆகிறது. அதற்கு அவர்கள் ஒரே மன்றத்தில் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்கும்படி இருக்க வேண்டும். அது நடந்த காலங்கள் குறைவு.

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை இதுவரை மறைத்துவிட்டதாக வாசகர் எண்ண வேண்டாம். வள்ளுவர் சமணச் சூழலில் வாழ்ந்தவர் என்று பல ஆண்டுகளாக நினைத்து வருகிறேன். ஆகவே விபக்கக் கேள்வியை எனக்கே கேட்டுப் பார்த்தேன்: சமணர் எழுதியிருக்க முடியாத குறள் எது? உழவு அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஏர் மண்ணைக் கிளறும்போது எண்ணற்ற சிற்றுயிர்கள் மடியும் என்று அஞ்சும் சமயத்தைச் சேர்ந்தவர், உழுதுண்டு வாழ்வாரே வாழ்வார் என்று பத்துப் பாட்டு எழுதுவாரா என்ற ஐயம் எழுந்தது. நல்ல எதிர்ச்சான்று என்று எழுதி வைத்தேன். அன்று மாலையே அதற்கு விடையும் வந்துவிட்டது: வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணரான நயினார்கள் பல தலைமுறைகளாக நிலம் வைத்துப் பயிர் செய்பவர்கள்தாமே, ஆதிநாதரே வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், கைத்தொழில் என்று ஆறு தொழில்களை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சமண புராணம் சொல்கிறதே. அத்தோடும் நிற்கவில்லை. ஆறு தொழில் என்றதும், "அறுதொழிலோர் நூல்மறப்பர்" என்று 560-ஆம் குறளில் வருவது நினைவில் தட்டியது. ஓதல், ஓதுவித்தல் முதலான ஆறு தொழில்களையுடைய அந்தணர் என்று பரிமேலழகர் கொண்டதும், வள்ளுவரை வைதிகராகக் காண்பவர்கள் தங்கள் வலிய சான்றாக எடுத்து வைப்பதும் அந்தக் குறளைத்தான். அந்த அறுதொழில் ஏன் ஆதிநாதர் கற்பித்த ஆறாக இருக்கக் கூடாது என்று என் மனம் கேட்டது. எனக்கு எதிராக ஒரு சான்று தேடப் புறப்பட்டவன், எதிர்த்தரப்பின் சான்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தேன்.